ஐந்து நாள் லண்டனுக்கு டிராவல் பாஸ் தேவையா?

மதுரை வாசகர் கேட்டது, 2025 மே 4

ஜூன் 12 வியாழன் மாலை ஹீத்ரோவில் இறங்குகிறோம். 17 செவ்வாய் மதியம் திரும்புகிறோம். நான், மனைவி, அப்பா (68), அம்மா (63), பையன் (12), பொண்ணு (8). எல்லோருக்கும் லண்டன் இதுதான் முதல் தடவை. ஏர்ல்ஸ் கோர்ட் பக்கத்தில் ஹோட்டல். ஏழு நாள் டிராவல்கார்டு எடுத்துவிட்டால் தலைவலி இல்லை என்று ஆபீஸில் எல்லோரும் சொல்கிறார்கள். எடுத்துவிடலாமா?

மே 4, இரவு

எடுக்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள்.

லண்டனில் நகர மையம் ஸோன் 1, வெளியே போகப் போக 2, 3 என்று கட்டண வட்டங்கள். 2025 மார்ச்சில் வந்த கட்டணப்படி (இந்த இழையில் வரும் பவுண்டுக் கணக்கெல்லாம் அந்த ஆண்டுக்கானது), ஸோன் 1, 2க்கான ஏழு நாள் டிராவல்கார்டு பெரியவர் ஒருவருக்கு 44.70 பவுண்டு. அதை ஏற்றிக்கொள்ள, ஆய்ஸ்டர் என்ற லண்டன் போக்குவரத்துக் கார்டு வேண்டும். அந்தக் கார்டு 7 பவுண்டு, அந்தக் காசு திரும்பி வராது. ஹீத்ரோ ஸோன் 6-ல் இருப்பதால் வரும்போதும் போகும்போதும் மேல்காசு வேறு. ஆக, தலைக்கு 52 பவுண்டைத் தாண்டிவிடும்.

பாஸ் எதுவும் எடுக்காமல் கையிலிருக்கும் பேங்க் கார்டையே தட்டிப் போனால், ஸோன் 1, 2க்குள் ஒரு நாளில் எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் 8.90 பவுண்டுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அதுதான் தினசரி உச்சவரம்பு. வெள்ளி முதல் திங்கள் வரை நாலு நாளும் அந்த வரம்பைத் தொட்டாலும் 35.60. ஹீத்ரோவிலிருந்து நகர மையத்துக்கு ட்யூப் என்னும் சுரங்க ரயிலில் 5.80, இரண்டு நடைக்கு 11.60. மொத்தம் 47.20. இதுவும் நாள் முழுக்க ரயிலிலேயே கிடந்தால் வரும் தொகை. வயதானவர்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்கள் தினமும் அவ்வளவு சுற்ற மாட்டார்கள்.

உங்களுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. ஏர்ல்ஸ் கோர்ட் ஸோன் 1க்கும் 2க்கும் எல்லையில் இருக்கும் ஸ்டேஷன். எந்தக் கணக்கில் உங்களுக்குக் குறைவோ அந்தக் கணக்கில்தான் எடுப்பார்கள். ஹீத்ரோவிலிருந்து பிக்கடில்லி லைனில் நேராக வந்து அங்கே இறங்கினால் ஸோன் 1-ஐத் தொடாத பயணம், 5.80கூட ஆகாது.

மே 5

இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், “ஏழு நாள் கார்டு திங்கட்கிழமைதான் தொடங்கும்” என்று. அப்படி இல்லை. டிராவல்கார்டு எந்தக் கிழமையிலும் தொடங்கலாம். திங்கள் முதல் ஞாயிறு வரை என்று இருப்பது வாராந்தர உச்சவரம்பு. அது தனி. கார்டைத் தட்டிப் போகிறவர்களுக்குத் தானாகவே கிடைப்பது. தொகை அதே 44.70. இரண்டும் ஒரே தொகையாக இருப்பதால்தான் குழப்பம்.

மதுரைக்காரர் வியாழன் வந்து செவ்வாய் போகிறார். அவருடைய நாட்கள் இரண்டு வாரத்தில் உடைந்து விழுகின்றன, அதனால் வாராந்தர வரம்பு அவருக்கு எந்த வகையிலும் உதவாது. ஞாயிறு இரவோ திங்கள் காலையோ வந்து அந்த வாரம் முழுக்க இருப்பவருக்கு உதவும்.

ஒரு நாள் பேப்பர் டிராவல்கார்டைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். அது ஸோன் 1 முதல் 4 வரை என்றே தொடங்குகிறது, 16.60 பவுண்டு. ஸோன் 1, 2க்குள் சுற்றுகிறவர் அதை வாங்கினால் 8.90ல் முடிகிற நாளுக்கு 16.60 கொடுத்ததாக ஆகும்.

மே 7

“காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, பாஸ் இருந்தால் நிம்மதி” என்று எழுதியவருக்கு.

நிம்மதி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. பாஸ் அதைத் தருகிறதா என்பதில்தான் சந்தேகம். எங்கள் மாமாவும் அத்தையும் வந்தபோது, ஊரில் ஒரு பயண முகவரிடம் சுற்றுலாவும் போக்குவரத்தும் சேர்ந்த ஒரு பாஸை முன்கூட்டியே வாங்கி வந்திருந்தார்கள். நல்ல விலை. வாங்கிய நிமிடத்திலிருந்து மாமாவுக்கு ஒரே கவலை: போட்ட காசை எடுக்கணும். அளவுச் சாப்பாடு போதும் என்கிறவரும் முழுச் சாப்பாட்டு டோக்கன் வாங்கிவிட்டால் மூன்றாம் தடவை சாதம் கேட்பாரே, அந்த மாதிரி.

லெஸ்டர் ஸ்கொயரில் நின்றுகொண்டிருந்தோம். அடுத்துப் போக வேண்டியது காவென்ட் கார்டன். இரண்டு ஸ்டேஷனுக்கும் இடையே தூரம் 300 மீட்டர்கூட இல்லை, லண்டன் ட்யூபிலேயே மிகக் குறைந்த இடைவெளி அதுதான். நடக்கலாம் என்றேன். “பாஸ் இருக்கே மாப்பிள்ளை, சும்மாவா வாங்கினோம்” என்று சொல்லி எஸ்கலேட்டரில் இறங்கிவிட்டார். கீழே போய், வண்டிக்கு நின்று, ஏறியதும் இறங்கி, காவென்ட் கார்டனில் லிஃப்டுக்கு வரிசை. அங்கே படியில் ஏறலாம் என்றால் 193 படி. மேலே வந்தபோது அத்தைக்கு மூச்சு முட்டியது. மேல்வழியாக நடந்திருந்தால் புத்தகக் கடைகளையும் நாடகக் கொட்டகைகளையும் பார்த்தபடி ஐந்து நிமிடத்தில் வந்திருப்போம்.

முதல் தடவை வருகிறவருக்கு ஊர் தெரியாது. எது பக்கம், எது தூரம், எங்கே நடந்தால் சுகம் என்பது இரண்டாம் நாள்தான் பிடிபடும். பாஸ் வாங்குகிறவர் அதெல்லாம் தெரிவதற்கு முன்பே முடிவெடுத்துவிடுகிறார். உச்சவரம்பில் அந்த முடிவே இல்லை. நடந்த நாளில் குறைவாகப் போகும், ஓடிய நாளில் வரம்போடு நிற்கும்.

மே 8

அப்பாவுக்கு 68, சீனியர் சிட்டிசன் சலுகை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். சுற்றுலா வருகிறவர்களுக்குக் கிடையாது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான இலவசக் கார்டுகள் லண்டனில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்டுப் பயனில்லை.

மே 11

பேங்க் கார்டைத் தட்டுங்கள் என்று லேசாகச் சொல்லிவிட்டேன். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அதில் சில முடிச்சுகள் இருக்கின்றன. ஊரில் இருக்கும்போதே அவிழ்த்துவிட வேண்டும்.

முதலாவது, ரிசர்வ் வங்கியின் விதி. 2020 அக்டோபரிலிருந்து இந்தியாவில் கொடுக்கப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும், தட்டிச் செலுத்தும் வசதியும் மூடியே வரும். நாம்தான் வங்கி ஆப்பில் போய் இரண்டையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். ஒன்றைத் திறந்து மற்றதை மறந்தால் ஸ்டேஷன் கதவு திறக்காது. வரம்புத் தொகையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, விசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ் செல்லும். ரூபே லண்டன் போக்குவரத்துக்காரர்களின் பட்டியலில் இல்லை. அப்பாவின் பென்ஷன் கணக்குக் கார்டு ரூபேயாக இருக்க வாய்ப்பு அதிகம், எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது, அந்நியச் செலாவணி மார்க்-அப். பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை, அதன்மேல் ஜிஎஸ்டி. ஒரு நாளின் பயணங்களையெல்லாம் கூட்டி இரவில் ஒரே தொகையாகத்தான் எடுப்பார்கள். 8.90 பவுண்டில் 3.5 சதவீதம் என்பது 31 பென்ஸ், நம் காசில் முப்பத்தைந்து ரூபாய் பக்கம். இதற்காகப் பயந்து 7 பவுண்டுக்கு ஆய்ஸ்டர் வாங்குவதில் பொருளில்லை. ஊரிலேயே பவுண்டு ஏற்றிக்கொண்டு வரும் ஃபாரெக்ஸ் கார்டில் தட்டும் வசதி இருந்தால் அதுவே உத்தமம்.

நான்காவதுதான் குடும்பங்களைச் சிக்க வைப்பது. ஓர் ஆளுக்கு ஒரு கார்டு. பஸ்ஸில் நாலு பேருக்கு ஒரே கார்டை நாலு தடவை தட்ட முடியாது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் நாலு பேர், நாலு கார்டு வேண்டும். காலையில் தட்டிய கார்டையே அந்த ஆள் நாள் முழுக்கத் தட்ட வேண்டும். மாற்றித் தட்டினால் வரம்புக் கணக்கு இரண்டாக உடையும், ரயிலில் உள்ளே ஒரு கார்டு வெளியே ஒரு கார்டு என்றால் இரண்டு கார்டிலும் அதிகபட்சக் கட்டணம் விழும். போனில் ஏற்றிய கார்டும் பிளாஸ்டிக் கார்டும் ஒரே கணக்கைச் சேர்ந்ததாக இருந்தாலும் அவர்களுக்கு அவை இரண்டு கார்டு.

உங்களிடம் நல்ல கார்டு இரண்டுதான் இருக்கிறது என்றால், நீங்களும் மனைவியும் அவற்றை வைத்துக்கொண்டு, அப்பா அம்மாவுக்கு ஆய்ஸ்டர் வாங்கிப் பணம் போட்டுக் கொடுங்கள். தினசரி வரம்பு ஆய்ஸ்டரிலும் அதேதான். ஆக, ஆய்ஸ்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதில் ஏழு நாள் டிராவல்கார்டு ஏற்ற வேண்டாம், அவ்வளவுதான்.

மே 18

பஸ்ஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கோ அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

முதல் தடவை வருகிறவர்கள் ட்யூப் வரைபடத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். அழகான வரைபடம்தான். ஆனால் ட்யூபில் போனால் நீங்கள் பார்ப்பது இருட்டும் எதிர்சீட்டுக்காரரின் ஷூவும். பஸ் ஒரு தடவைக்கு 1.75 பவுண்டு. முதலில் தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு எத்தனை பஸ் மாறினாலும் மேல்காசு இல்லை. இதற்கு ஹாப்பர் என்று பெயர், 2016ல் வந்தது. அந்த ஒரு மணிக்குள் ஏறினால் போதும், இறங்குவது எப்போதானாலும் சரி. பஸ் மட்டுமே பிடித்தால் நாளுக்கு 5.25தான் உச்சவரம்பு. ட்யூபில் ஸோன் 1க்குள் ஒரு நடை, நெரிசல் இல்லாத நேரத்தில் 2.80.

15ஆம் நம்பர் பஸ்ஸில் டிராஃபல்கர் ஸ்கொயரில் ஏறி மாடியில் முன்சீட்டைப் பிடியுங்கள். ஸ்ட்ராண்ட், ஃப்ளீட் ஸ்ட்ரீட், செயின்ட் பால்ஸ் தேவாலயம் எல்லாம் வரிசையாக வந்து டவர் ஆஃப் லண்டனில் இறங்கலாம். மேற்கே என்றால் 9. பிக்கடில்லி, ஹைட் பார்க் ஓரம், ஆல்பர்ட் ஹால் என்று போகும். ஊரைச் சுற்றிக் காட்டும் மேல்திறந்த பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசில் இந்த இரண்டிலும் பல நாள் போய் வரலாம். அத்தை ஊருக்குத் திரும்பி இன்றுவரை பேசுவது 15ஆம் நம்பரைப் பற்றித்தான்.

பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தட்ட வேண்டும், இறங்கும்போது கூடாது. நோட்டும் சில்லறையும் 2014 ஜூலையிலிருந்து வாங்குவதில்லை. ஆய்ஸ்டரில் பணம் தீர்ந்துபோனாலும் கவலை வேண்டாம், இன்னும் ஒரு பஸ் பயணத்துக்கு விடுவார்கள். அப்பா அம்மா தனியாக ஹோட்டலுக்குத் திரும்ப நேர்ந்தால் இது பெரிய ஆறுதல்.

மே 19

“நெரிசலில் பஸ் ஊர்ந்துதானே போகும்?” ஊரும். மாலை 4 மணிக்கு மேல் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட் பக்கம் பஸ் பிடிக்காதீர்கள். மறுபடி யோசித்தால், காலை நெரிசல் அடங்கியபின் ட்யூபில் ஸோன் 1க்குள் தூரமாகப் போய்விட்டு, பகலில் பஸ்ஸில் ஊர்ந்து பார்த்தபடி வருவதே சரி. ட்யூபில் ஒரு நடை 2.80, பஸ் மூன்று நடை 5.25. ஆக 8.05. அப்போதும் வரம்பைத் தொடவில்லை.

ஜூன் 1

புறப்பட இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். தட்டும் விதத்தைப் பெரியவர்களுக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

கதவுக்கு வலப்பக்கம் மஞ்சள் வட்டம் இருக்கும். கார்டைப் பர்ஸிலிருந்து வெளியே எடுத்து, அந்த வட்டத்தின் மேல் தட்டையாக வைத்து, சத்தம் வரும்வரை எடுக்கக் கூடாது. எங்கள் அத்தை ஜிப் பர்ஸை அப்படியே வட்டத்தில் வைத்து அழுத்தினார். பர்ஸுக்குள் இரண்டு பேங்க் கார்டு, ஆதார், கோயில் விபூதிப் பொட்டலம், ஒரு பழைய டெலிபோன் கார்டு. சிவப்பு விளக்கு. பின்னால் ஆபீஸ் போகிறவர்கள். அத்தை இன்னும் பலமாக அழுத்தினார். பக்கத்தில் அகலக் கதவருகே நின்ற ஊழியர் வந்து, சிரித்துக்கொண்டே ஒரே ஒரு கார்டை எடுத்துத் தரச் சொன்னார், திறந்தது. ஒன்றுக்கு மேல் கார்டு அருகருகே இருந்தால் எதைப் படிப்பது என்று இயந்திரம் திணறும், அல்லது வேண்டாத கார்டில் காசு எடுத்துவிடும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கார்டைக் கழுத்தில் மாட்டும் உறை வாங்கிக் கொடுங்கள்.

கதவே இல்லாத ஸ்டேஷன்கள்தான் பொறி. கிரீனிச் போக டிஎல்ஆர் என்ற இலகு ரயிலில் ஏறுவீர்கள். அந்த லைனில் நிறைய ஸ்டேஷன்களில் கதவு கிடையாது, பிளாட்பாரத்துக்குப் போகும் வழியில் ஒரு கம்பத்தில் மஞ்சள் வட்டம் மட்டும் நிற்கும். தடுப்பு இல்லையே என்று நடந்துவிட்டால் பயணம் முடியாததாகப் பதிவாகி அதிகபட்சக் கட்டணம் எடுக்கப்படும். அது அன்றைய வரம்புக் கணக்கிலும் சேராது. இறங்கியதும் வட்டத்தைத் தேடுங்கள்.

ஸ்ட்ராட்ஃபோர்டு, ஒயிட்சேப்பல் போன்ற சில இடங்களில் இளஞ்சிவப்பு வட்டமும் இருக்கும். ஸோன் 1-ஐத் தொடாமல் சுற்றி வந்தவர்கள், நாங்கள் அந்த வழியாகத்தான் வந்தோம் என்று காட்டிக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளத் தட்டுவது. உங்களுக்குத் தேவைப்படாது.

ஜூன் 3

குழந்தைகள். எட்டு வயதுப் பொண்ணுக்குக் கார்டே வேண்டாம். 11 வயதுக்குக் கீழே பஸ்ஸில் இலவசம், ட்யூபிலும் பெரியவரோடு போனால் இலவசம். அகலக் கதவு வழியாக உங்களோடு கூட்டிப்போங்கள்.

பன்னிரண்டு வயதுப் பையனைப் பேங்க் கார்டில் கூட்டிப்போனால் முழுக் கட்டணம். அவனுக்கு ஆய்ஸ்டர்தான் வாங்க வேண்டும். ஹீத்ரோ ட்யூப் ஸ்டேஷனில் வாங்கி, அங்கேயே ஊழியரிடம் ‘யங் விசிட்டர்’ தள்ளுபடியை ஏற்றச் சொல்லுங்கள். 11 முதல் 15 வயது வரை, 14 நாளுக்குப் பாதிக் கட்டணம். பையன் பக்கத்தில் நிற்க வேண்டும். முழுக் கட்டணத்தில் 14 பவுண்டுக்குமேல் பயணம் செய்தாலே கார்டுக்குக் கொடுத்த 7 பவுண்டு வந்துவிடும், அவன் முதல் சில நாட்களிலேயே அதைத் தாண்டிவிடுவான். ஏற்ற மறந்து கிளம்பிவிட்டால் வேறொரு பெரிய ட்யூப் ஸ்டேஷனிலும் கேட்கலாம்.

ஹீத்ரோவில் இன்னொன்று. ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் என்ற பெரிய பலகைதான் முதலில் கண்ணில் படும். வேகமான வண்டிதான், ஆனால் உச்சவரம்பில் சேராது, விலையும் அதிகம். எலிசபெத் லைன் என்ற இன்னொரு ரயில் நகர மையத்துக்கு 13.90, வரம்பில் சேரும், சீக்கிரம் போகும். ஏர்ல்ஸ் கோர்ட்டுக்கு இரண்டும் சுற்று. பிக்கடில்லி லைனில் பெட்டியோடு உட்காருங்கள்.

ஜூன் 29

கோவையிலிருந்து ஒருவர்: “வெம்பிளியில் சித்தப்பா வீட்டில் தங்குகிறோம், அப்போதும் பாஸ் வேண்டாமா?”

கேள்வி நியாயம். வெம்பிளி ஸோன் 4. அங்கிருந்து தினமும் நகருக்குள் வந்து போனால் வரம்பு 12.80. திங்கள் வந்து ஞாயிறு வரை இருப்பவருக்கு அப்போதும் வாராந்தர வரம்பு தானாக வந்துவிடும், பாஸ் வேண்டாம். வாரத்தின் நடுவில் வந்து ஏழு நாள் முழுக்க, தினமும் நகருக்குள் போகிறவருக்கு மட்டும் ஏழு நாள் டிராவல்கார்டு கட்டுப்படியாகும். இந்த இழையில் நான் பாஸ் எடுக்கச் சொல்லும் ஒரே ஆள் அவர்தான். ஆனால் சித்தப்பா வீட்டில் தங்குகிறவர் தினமும் நகருக்குள் போவாரா? ஒரு நாள் விருந்து, ஒரு நாள் ஈலிங் ரோட்டில் புடவைக் கடை, ஒரு நாள் கோயில். இரண்டு நாள் போகவில்லை என்றாலே பாஸ் நஷ்டம்.

ஹீத்ரோவிலிருந்து ஈலிங் ரோட்டுக்கு நகருக்குள் போகவே தேவையில்லை. பிக்கடில்லி லைனில் ஆக்டன் டவுன் வந்து, அதே லைனின் இன்னொரு கிளையில் மாறி ஆல்பெர்டனில் இறங்குங்கள். ஸோன் 1 படாததால் கட்டணம் நன்றாகக் குறையும்.

கோயில் என்றதும் எல்லை ஸ்டேஷன்கள் நினைவுக்கு வருகின்றன. ஹைகேட் ஹில் முருகன் கோயிலுக்கு ஆர்ச்வேயில் இறங்க வேண்டும். அது ஸோன் 2, 3 எல்லை, ஆகவே 8.90 வரம்புக்குள்ளேயே அடங்கும். ஈஸ்ட் ஹாம் 3, 4 எல்லை. மானர் பார்க் முருகன் கோயிலுக்கு அங்கிருந்து நடந்துவிடலாம், அன்றைய வரம்பு 10.50. தென்னிந்தியச் சாப்பாட்டுக்கு டூட்டிங் போகிறவர்கள் எலிஃபன்ட் அண்ட் காசிலில் 155ஆம் நம்பர் பஸ் பிடித்தால் ஸோன் பேச்சே இல்லை, 1.75தான். நேரம் ஆகும். இட்லி தோசை அங்கேயேதான் இருக்கும், மெதுவாகப் போங்கள்.

செப்டம்பர் 21

மேலே 7 பவுண்டு என்று எழுதிய ஆய்ஸ்டர் கார்டு 2025 செப்டம்பரில் 10 பவுண்டு ஆகிவிட்டது. ஆக, பேங்க் கார்டு கையில் இருப்பவர் ஆய்ஸ்டர் வாங்கக் காரணம் இன்னும் குறைந்துவிட்டது. 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு இப்போதும் பார்க்கத்தான் வேண்டும்: 20 பவுண்டுக்குமேல் பயணம் இருந்தால் வாங்கலாம்.

ஏற்கெனவே வந்துபோனவர்கள் தங்கள் கார்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் இருக்கும் பணம் காலாவதி ஆகாது, அடுத்து வருகிற சொந்தக்காரரிடம் கொடுத்தனுப்பலாம். பிள்ளைக்கு என்றால் தள்ளுபடியை அவர்கள் வந்தபின் புதிதாக ஏற்றிக்கொள்ள வேண்டும்.